இடது கால் அரை சைஸ் பெரிது

கடைக்குச் சாயங்காலம்தான் போனேன்.
காலையில் கால் பொய் சொல்லும்.
மேல்விஷாரத்தில் எட்டு மணி நேரம் நின்று,
கம்பெனி பஸ்ஸில் தொங்கி வந்து,
ஆபீசர்ஸ் லைனில் இறங்குகிற கால்தான்
சரியான அளவு.

"வாக்கிங்குக்கா மேடம்?" என்றான் சுஹேல்.
சட்டையில் பேர் குத்தியிருந்தது.
ஓட என்றேன்.
"ரேஸுக்கா?"
இல்லை, தினசரிக்கு.

அந்தச் சொல்லுக்கு அவனிடம் தனி அலமாரி இல்லை.
ஒரு பக்கம் இளஞ்சிவப்பில் வரிசை,
கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் மாதிரி.
கண்ணாடிக்குள் தனியாக ஒன்று,
நெருப்பு நிறம், அடியில் கரித் தகடு,
விலை என் ஒன்றரை மாதச் சம்பளம்.
எடுத்துப் பார்த்தேன்.
கோழிக்குஞ்சைத் தூக்கினாற்போல் கையில் கனமே இல்லை.
வைத்துவிட்டேன்.

ரேஸ் வருஷத்துக்கு ஒரு தடவை வரும்,
கோட்டையைச் சுற்றவிட்டு
ஒரு பனியனும் வாழைப்பழமும் தரும்.
மிச்சமெல்லாம் செவ்வாய்க்கிழமைதான்.
நாலே முக்காலுக்கு அலாரம்.
பகலில் வாங்கிய வெயிலை
ரோடு இன்னும் திருப்பிக் கொடுத்து முடித்திருக்காது.
சத்துவாச்சாரி, கிரீன் சர்க்கிள்,
தண்ணீரில்லாத பாலாற்றின் மேல் பாலம்,
விருதம்பட்டு டீக்கடையில் முதல் பால் பொங்கும்போது
திரும்ப வேண்டும்.
எட்டு கிலோமீட்டர்.
ஏழு பத்துக்கு பஸ்.

என் வேலை ஜோடி சேர்ப்பது.
ஜெர்மனிக்குப் போகிற தோல் ஷூக்கள்,
ஒரு நாளைக்கு எழுநூறு.
வலதும் இடதும் ஒரே நிறமா, ஒரே சுருக்கமா,
தையல் ஒரே எண்ணிக்கையா.
ஒரு நூல் பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர்.
மோந்து பார்த்தே பசை காய்ந்ததா என்று சொல்வேன்.
ஆனால் தோல் வேறு, இது வேறு.
தோல் காலோடு பழகும்,
சண்டை போட்டாலும் ஒரு மாதத்தில் வழிக்கு வரும்.
நுரைக்கு அந்தக் குணம் இல்லை.
மேலே புதுசு மாதிரியே இருந்துகொண்டு
உள்ளுக்குள் செத்துப்போகும்.
பழைய ஜோடி அப்படித்தான் போனது.
அரிசிக்கடைக் காலண்டரில் பென்சிலால் கூட்டி வந்தேன்,
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
அதற்கு முன்பே முட்டி சொல்லிவிட்டது,
நான்தான் காதில் வாங்கவில்லை.

ஏழு ஜோடி போட்டேன்.
நுனியில் கட்டைவிரல் அகலம் இருக்கிறதா,
குதிகால் வழுக்குகிறதா,
முறுக்கினால் ஈரத்துணி மாதிரி பிழிகிறதா.
ஒன்று கடைக்குள் நாலு எட்டு வைக்கையில்
மெத்தை, மெத்தை, அப்படி ஒரு சுகம்.
எனக்குச் சந்தேகம் வந்தது.
முதல் நாலு எட்டுக்கு எல்லாம் இனிக்கும்.
பாலம் ஏறி மூச்சு முட்டுகிற
ஆறாவது கிலோமீட்டரில் இது என்ன பேசும்?

"லேடீஸ்ல அகலம் வராது மேடம்," என்றான்,
தன் தப்பு மாதிரி.
அப்புறம் உள்ளே போய்,
ஆண்கள் பெட்டி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தான்.
சாம்பல் நிறம். சிமெண்ட் மூட்டையின் நிறம்.
யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.
வலது காலில் கொஞ்சம் தாராளம்,
இடதில் சரியாக.
அப்போதுதான் தெரிந்தது,
என் இடது கால் அரை சைஸ் பெரிது.
முப்பத்தொன்பது வருஷமாக
ஜோடி சேராத இரண்டின் மேல் நின்றுகொண்டு
அடுத்தவர் ஜோடிக்கு
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

சுஹேல் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்கவில்லை.
வாசல் வரை ஓடிப் பாருங்கள் என்றான்.
ஓடினேன்,
சுடிதாரும் சாப்பாட்டுப் பையுமாக,
நடைபாதையில் பொரி விற்கிறவர் ஒதுங்கி வழிவிட,
ஆட்டோ ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பினேன்.

வீட்டில் விலை கேட்டார் ஞானசீலன்.
பாதி சொன்னேன்.

மறுநாள் வலது காலுக்கு இரண்டு சாக்ஸ்.
பாலத்தின் நடுவில் ஒரு சரக்கு ரயில் கேட்டது,
காட்பாடிப் பக்கம்.
எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டே போனவள்
விருதம்பட்டு பால் வாசத்தில்தான்
கீழே குனிந்து பார்த்தேன்,
புதுசு போட்டிருக்கிறேனே என்று.

காலண்டரில் எழுதினேன்: எட்டு.